புரோகிராமிங்கும் விஎம்மும்: எந்த இயங்குதளம் சரிப்படும்?

கேள்வி: என் லேப்டாப்பில் இன்டெல் புராசசர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. பைத்தானில் வலைத்தளங்களுக்கான பின்புல நிரல்கள் எழுதப் பழகுகிறேன். சர்வர் நிர்வாகமும் கற்க வேண்டும் என்பதால் மூன்று லினக்ஸ் விஎம்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. விஎம்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் எல்லாம் ஆமை வேகம். எக்செல் இல்லாமலும் முடியாது. லினக்ஸுக்கு மாறிவிடலாமா, டூயல் பூட் (இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்வது) போதுமா, பேசாமல் மேக் வாங்கிவிடலாமா?

பதில்: ஆமை வேகம் என்கிறீர்கள். விஎம் ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவின் அடியில் இருக்கும் ஐகான் வரிசையைப் பாருங்கள். அங்கே நிஜமாகவே ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருக்கலாம். கேலி இல்லை. 'புராசசரின் மெய்நிகராக்க வசதி எனக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை, விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி வழியாகத்தான் ஓடுகிறேன்' என்று விர்ச்சுவல்பாக்ஸ் சொல்லும் விதம் அது.

'ஹோம் பதிப்பில்தான் ஹைப்பர்-வி கிடையாதே' என்று கேட்பீர்கள். விஎம் உருவாக்கி நிர்வகிக்கும் கருவிகள்தான் ஹோமில் இல்லை. அடியில் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற அடுக்கு உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 நிறுவினால் அது விழித்துக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆனில் இருந்தாலும் அப்படியே. இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் வேகம் திரும்பும். ஆனால் இரண்டாவது ஒரு பாதுகாப்பு அரண். தினமும் இணையத்தில் புழங்கும் கணினியில் அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, மாறுவதா வேண்டாமா? முதலில் விஎம்முக்குள் எது ஓடப்போகிறது என்று பாருங்கள். ஹோஸ்ட்டை, அதாவது விஎம்களைத் தாங்கும் இயங்குதளத்தை, அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். உங்கள் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) மூன்றும் லினக்ஸ். எழுதும் நிரலும் கடைசியில் பெரும்பாலும் ஒரு லினக்ஸ் சர்வரில்தான் போய் உட்காரும். விண்டோஸ் தேவைப்படுவது எக்செலுக்கு மட்டும். அதனால் லினக்ஸை ஹோஸ்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

லினக்ஸில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் 2007 முதல் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. 'விர்ட்-மேனேஜர்' என்ற வரைகலைக் கருவியை நிறுவினால் போதும், விஎம்களைச் சுலபமாகக் கையாளலாம். நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் கன்டெய்னர் என்ற பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கரிலும் லாபம் உண்டு. கன்டெய்னர்கள் ஹோஸ்ட்டின் கர்னலையே பகிர்ந்துகொள்பவை. லினக்ஸ் கன்டெய்னரை விண்டோஸிலோ மேக்கிலோ ஓட்ட, டாக்கர் டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு லினக்ஸ் விஎம்மை ஓட்டியாக வேண்டும். ரேமில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். அப்புறம், பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் டெம்ப்ளேட் கோப்பை நிரலில் சின்ன எழுத்தில் அழைத்திருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாமல் திறந்துவிடும். சர்வரில் ஏற்றியதும் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பிழை வரும். லினக்ஸிலேயே எழுதினால் இது முதல் நாளே தெரிந்துவிடும்.

ரேம் கணக்கையும் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வருக்கு 1 ஜிபி தாராளம், மூன்றுக்கு 3. ஹோஸ்ட்டில் பிரவுசர், எடிட்டர் எல்லாம் சேர்த்து 5 என்று வையுங்கள். விண்டோஸ் 11 கெஸ்ட்டுக்குக் குறைந்தபட்சம் 4 என்றாலும் 6 கொடுத்தால்தான் மூச்சுவிடும். ஆக 14. இடிக்கும், ஆனால் ஓடும். ரேம் கூட்ட வசதியிருந்தால் புது லேப்டாப்புக்கு முன் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

எக்செலுக்கு எப்போதும் விண்டோஸ் கெஸ்ட் வேண்டியதில்லை. சாதாரண அட்டவணை, ஃபார்முலா என்றால் பிரவுசரில் ஓடும் எக்செலே போதும். எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் குறுநிரல்களான விபிஏ மேக்ரோக்கள் மட்டும் அதில் ஓடாது. மேக்ரோ வேண்டுமென்றால் கெஸ்ட் போடுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டப்பட்டது. விஎம்முக்குத் தனி உரிமம் தேவைப்படும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கெஸ்ட்டை நிறுவும்போது பலர் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. வேகத்துக்காக வட்டு வகையை, விஎம்களுக்கென்றே உருவான 'விர்ட்ஐஓ' என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 'எங்கே நிறுவ வேண்டும்' என்ற திரையில் வட்டுப் பட்டியல் காலியாக இருக்கும். வட்டு பழுதில்லை, அதற்கான டிரைவர் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடி டிரைவாக இணைத்து, 'லோடு டிரைவர்' கொடுத்தால் வட்டு தெரியும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும் என்பதால் விஎம் அமைப்பில் மென்பொருள் டிபிஎம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

டூயல் பூட் உங்களுக்கு உதவாது. விஎம் ஓட்டுவதே இரண்டு இயங்குதளமும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கத்தான். ஒரு எக்செல் கோப்பைத் திறக்க மூன்று சர்வர்களையும் நிறுத்தி ரீபூட் செய்வதில் என்ன பயன்? மேக்கைப் பொறுத்தவரை, ஐஃபோன் செயலி எழுதப்போகிறவர்களுக்கு மேக்கில் மட்டும் ஓடும் எக்ஸ்கோடு கருவி வேண்டும், அவர்களுக்கு வேறு வழியில்லை. இப்போதைய மேக்குகளில் இருப்பது ஆர்ம் சில்லு. ஆர்ம் லினக்ஸ் அதில் பறக்கும். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான கெஸ்ட்டை எமுலேஷனில் (வேறு சில்லு போல மென்பொருள் நடிப்பது) ஓட்டினால் மறுபடியும் ஆமைதான்.

நாளில் பெரும்பகுதி மேக்ரோ நிறைந்த எக்செலிலோ, விண்டோஸில் மட்டுமே ஓடும் விஷுவல் ஸ்டுடியோவிலோ கழிகிறது என்றால் என் பரிந்துரை தலைகீழ்: விண்டோஸிலேயே இருங்கள், டபிள்யூஎஸ்எல் 2 போடுங்கள். ப்ராஜெக்ட் கோப்புகளை மட்டும் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். 'டபிள்யூஎஸ்எல் மெதுவாக இருக்கிறது' என்ற புகார்களில் பாதி இதனால்தான். ஒன்று கவனியுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் மூன்று லினக்ஸ் போட்டாலும் அவை மூன்று கணினிகள் ஆகாது. ஒரே விஎம்முக்குள், ஒரே கர்னலில், ஒரே நெட்வொர்க் முகவரியில் ஓடுபவை அவை. சர்வர்களை ஒன்றோடொன்று பேச வைத்துப் பழக அது போதாது. அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவை முயன்று பாருங்கள். 2024 நவம்பர் முதல் அது எல்லோருக்கும் இலவசம். ஹைப்பர்-வி விழித்திருந்தால் அதற்கும் வேகம் கொஞ்சம் குறையும்.

லினக்ஸ் என்று முடிவானால் அதன் விநியோகங்களில் உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) எடுங்கள். 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும், 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. டெபியனும் நல்லதுதான். அடிக்கடி கர்னல் மாறும் விநியோகங்கள் ஹோஸ்ட்டுக்கு வேண்டாம். அந்த ஆசையையெல்லாம் ஒரு விஎம்முக்குள் தீர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸை அழிப்பதற்கு முன் உபுண்டுவை யுஎஸ்பியிலிருந்து, நிறுவாமல், ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, புரொஜெக்டர் இணைப்பு ஒவ்வொன்றையும் சோதியுங்கள். முக்கியமாக, மூடியை மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, ஒழுங்காக விழிக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் லினக்ஸ் தகராறு செய்வது பெரும்பாலும் அங்கேதான். இதற்காக பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகள்) எதையாவது மாற்றினால் விண்டோஸ் அடுத்த முறை என்கிரிப்ஷன் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.