ஓஸ்லோ குளிரிலும் தொண்டி வெயிலிலும் மின்சாரக் கார்

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டியிலிருந்து வேலைக்காக ஓஸ்லோ போயிருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்க எண்ணுகிறீர்கள்; பனிக்காலத்தில் அது பாதித் தூரம்தான் ஓடும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வது உண்மையா, மலைப்பாதையில் பனியில் மாட்டிக்கொண்டால் மனைவியும் கைக்குழந்தையும் குளிரைத் தாங்குவது எப்படி என்பது முதல் கேள்வி. ஊரில் அப்பாவுக்கும் ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுக்கலாமா, நம் கடற்கரை வெயிலில் அதன் பேட்டரி நிலைக்குமா என்பது இரண்டாவது. பல ஆண்டுகளாக நார்வேயில் கார் ஓட்டுபவள் நான். இப்போது சித்திரை விடுமுறைக்கு மண்டபம் வந்து, என் தம்பியின் மின்சாரக் காரை இராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். குளிர் அன்றைய தூரத்தைக் குறைக்கிறது. வசந்தம் வந்ததும் அந்தத் தூரம் முழுவதுமாகத் திரும்பக் கிடைத்துவிடும். வெப்பமோ அன்றைய தூரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆனால் பேட்டரியின் ஆயுளிலிருந்து அது எடுத்துக்கொள்வது திரும்பி வராது. ஓஸ்லோவில் உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் முதலாவதை இரண்டாவதாக எண்ணிப் பயமுறுத்துகிறார்கள். ஊரில் கார் விற்பவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு இது: வெளியே ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி இருக்கும்போது ஹீட்டரைப் போட்டு ஓட்டினால் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது, ஹீட்டர் போடாமல் ஓட்டினால் 12 சதவீதம்தான் குறைந்தது. 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் குறைந்தது 17 சதவீதம். அதாவது, குளிரில் நாம் இழப்பதில் பெரும்பகுதி பேட்டரியின் பலவீனத்தால் வருவதன்று, நம் உடம்புக்குச் சூடு கொடுப்பதற்காகச் செலவாவது. பெட்ரோல் எஞ்சின் தான் எரிப்பதில் பெரும்பகுதியை வெறும் வெப்பமாகவே வெளியே விடுகிறது, அந்த வெப்பத்தில் கொஞ்சத்தைக் காருக்குள் திருப்பிவிட்டால் போதும், ஹீட்டருக்கென்று தனிச் செலவு கிடையாது. மின் மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு. அதனாலேயே உள்ளே சூடாக்கப் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

வெயிலைவிடக் குளிருக்கு ஏன் இவ்வளவு அதிகம் செலவாகிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. மீன் பெட்டியில் போட்ட ஐஸ் மார்கழியில் நிற்கும் நேரம் சித்திரையில் நிற்காது. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு கூடக் கூட, உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் செலவும் கூடுகிறது. தொண்டியில் வெளியே 36 டிகிரி, காருக்குள் 24 என்றால் வேறுபாடு 12 மட்டுமே. ஓஸ்லோவில் வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வேறுபாடு 30. அதோடு, ஏசி என்பது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தும் கருவியாதலால், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. பழைய மின்சாரக் கார்களில் உள்ள சாதாரண ஹீட்டரோ, வெந்நீர் போடும் கம்பிச் சுருளைப் போல, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

அந்த ஏசியையே திசை மாற்றி ஓட்டி, வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் உள்ளே இழுப்பதுதான் ஹீட் பம்ப். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி அது நன்றாகவே மிச்சப்படுத்தும். மைனஸ் 20ஐ நெருங்கும்போது அந்த ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஓஸ்லோவின் குளிர்காலம் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் 10க்கும் இடையில் ஊசலாடுவதால், பழைய கார் வாங்கும்போது ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்பது மிக அவசியம். நிசான் லீஃப் 2010இல் வந்தபோது அது இல்லை, 2013 மாடலில்தான் வந்தது; டெஸ்லா மாடல் 3இல் 2021 மாடலிலிருந்துதான் இருக்கிறது. வேறு சில கார்களில் அது கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டதாகையால், ஒரே மாடலின் இரண்டு கார்களில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. பதிவு எண்ணை வைத்து விற்பனையாளரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, தூரக் கணக்கு. ஹீட்டர் செலவழிப்பது கிலோமீட்டரைப் பொறுத்ததன்று, நேரத்தைப் பொறுத்தது. கார் ஒருமுறை சூடேறிய பின் அந்தச் சூட்டைத் தக்கவைக்க ஏறக்குறைய 2 கிலோவாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டர் போனால் அதற்கு இரண்டரை யூனிட் ஆகும். நகருக்குள் நெரிசலில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே 100 கிலோமீட்டரை ஓட்டினால் 8 யூனிட் ஆகும். அது ஓடுவதற்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல். நார்வே மோட்டார் சங்கம் ஆண்டுதோறும் கார்களை ஓஸ்லோவிலிருந்து மலை நோக்கி நிற்காமல் ஓட்டிப் பார்க்கும் குளிர்காலச் சோதனையில், 2020இல் சராசரி இழப்பு ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. உங்கள் நண்பர்கள் சொல்லும் பாதி இழப்பும் பொய்யன்று: குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, கடைக்குப் போய், காரைக் குளிரவிட்டு, மறுபடி சூடாக்கி என்று துண்டு துண்டாக ஓட்டுபவருக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் அவ்வாறு ஓட்டுகிறவர் ஒரு நாளில் போவதே முப்பது நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், அவருக்கு அது ஒரு சிரமமே அன்று.

இந்தச் செலவைக் குறைக்கச் சிறந்த வழி, சார்ஜர் இணைப்பில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுவது. காலை ஏழரைக்குப் புறப்படுவீர்கள் என்று காரிலோ செல்போனிலோ குறித்துவிட்டால், அது வீட்டு மின்சாரத்தை எடுத்து உள்ளறையையும், வசதி இருந்தால் பேட்டரியையும் சூடாக்கிவைக்கும். முதல் சில நிமிடங்களுக்குத்தான் ஹீட்டர் 5, 6 கிலோவாட் வரை இழுக்கும்; அந்தப் பெரிய இழுப்பு பேட்டரியிலிருந்து போகாமல் சுவரிலிருந்து போய்விடுகிறது. கைக்குழந்தை உள்ள உங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தடித்த குளிருடையோடு குழந்தையைக் கார் இருக்கையில் வைத்து வாரைப் பூட்டினால், உடுப்பின் பஞ்சுக்குள் வார் தளர்ந்து, மோதலின்போது பிடிக்காமல் போகும். கார் முன்னமே சூடாக இருந்தால் அந்த உடுப்பைக் கழற்றிவிட்டு வாரை ஒட்டப் பூட்டலாம். புகையே இல்லாத வண்டியாதலால், கார் நிறுத்தும் அறையின் கதவு மூடியிருந்தாலும் இவ்வாறு சூடாக்குவதில் ஆபத்தில்லை. இருக்கை ஹீட்டரையும் தயங்காமல் பயன்படுத்துங்கள். அது நூறு வாட்டைத் தாண்டுவது அரிது. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீட்டரை முழுவதும் அணைத்துவிடுபவர்களை மட்டும் பின்பற்றாதீர்கள். கண்ணாடியில் ஆவி படிந்து வழி தெரியாமல் போகும்.

பேட்டரி குளிர்ந்திருக்கும்போது அதற்குள் அயனிகள் மெதுவாகவே நகர்கின்றன. அந்த நிலையில் வேகமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும் என்பதால், காரின் கட்டுப்பாட்டு அமைப்பே சார்ஜ் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். வேக சார்ஜர் நிலையத்தை வழிகாட்டியில் இலக்காகக் குறித்துவிட்டு ஓட்டினால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். வீட்டில், வந்தவுடன் பேட்டரி சூடாக இருக்கும்போதோ, புறப்படும் நேரத்தில் முடியுமாறோ சார்ஜ் செய்யுங்கள். குளிர்ந்த காலைகளில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக வேகம் குறையும் வசதி சரியாக வேலை செய்யாது. வீட்டை விட்டு இறங்கும் முதல் சரிவிலேயே இதை நினைவில் வையுங்கள்.

பனியில் மாட்டிக்கொள்ளும் பயத்துக்கும் இந்தக் கணக்கே பதில். 60 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தால் 30 யூனிட். மணிக்கு 2 யூனிட் செலவானாலும் நின்ற இடத்தில் 15 மணி நேரம் உள்ளே கதகதப்பாக இருக்கலாம். பனி மூடி அடைத்த புகைக்குழாயிலிருந்து நச்சுப்புகை உள்ளே வரும் ஆபத்து, பெட்ரோல் காரில் உண்டு, இதில் இல்லை. ஆகவே ஹார்டாங்கர்விட்டா போன்ற மேட்டு நிலங்களைக் கடக்கும் முன், அடுத்த ஊருக்குப் போதுமான அளவோடு நிறுத்தாமல், பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். அங்கே புயல் அடிக்கும்போது பனி வாரும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். அதற்காகக் காத்திருக்க நேரும். கம்பளியும் குழந்தைக்கு வெந்நீரும் எந்தக் காரானாலும் உடன் இருக்க வேண்டியவை.

அப்பாவின் காருக்கு வருகிறேன். தொண்டியிலிருந்து மதுரைக்குப் போய் வரும் தூரத்தை ஏசியோடு கணக்கிட்டாலும், சற்றுப் பெரிய பேட்டரி உள்ள கார் சமாளித்துவிடும். கவலை வேறிடத்தில். முதல் லீஃப் கார்களின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநில வெயிலில் அவற்றின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்ததாக உரிமையாளர்கள் முறையிட்டார்கள், மறு ஆண்டு நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அளித்தது. எனவே திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரியையே வாங்குங்கள். டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் 2020இல் வந்த முதல் மாடலிலிருந்தே அது இருக்கிறது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஓஸ்லோவில் குளிருக்குச் சற்றுத் தயங்கும் அதே வகை, நம் ஊருக்குப் பொருத்தமானது.

பேட்டரியை முதுமையாக்குவது வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்து நிற்கும் நேரம்தான். நூறு சதவீதம் ஏற்றிவிட்டு நான்கு நாள் வெயிலில் நிறுத்திவைப்பதைவிட, ஐம்பது அறுபது சதவீதத்தில் நிழலில் நிறுத்துவது மிக நல்லது. வீட்டோரம் ஒரு பனையோலைக் கொட்டகை போடச் சொல்லுங்கள். அந்தச் செலவு பேட்டரியின் ஆயுளாகத் திரும்பி வரும். சார்ஜ் செய்வது இரவில் இருக்கட்டும், அதிகாலையில் முடியட்டும். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். காய்ந்த கடற்கரை மணலில் எர்த் பலவீனமாகிவிடும். அப்பா மின்சார ஸ்கூட்டர் போதும் என்று சொன்னால், அவற்றில் பெரும்பாலானவற்றின் பேட்டரிக்குக் காற்றைத் தவிர வேறு குளிர்விப்பு இல்லை என்பதை நினைவில் வைத்து, மதிய வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல் ஆறவிடச் சொல்லுங்கள். 2022இல் பல ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. திருத்தப்பட்ட அந்த விதிகளின்படி வந்த வண்டியையே எடுக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது உப்பு. தனுஷ்கோடிச் சாலையிலோ தொண்டிக் கரையிலோ ஓடும் காரின் முன்பக்கத்தில், ஏசியும் பேட்டரிக் குளிர்விப்பும் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுக் கூடுகளில் உப்பும் மணலும் படிந்து அரிக்கத் தொடங்கினால், இரண்டின் திறனும் சேர்ந்து குறையும். நல்ல தண்ணீரால், அதிக அழுத்தமில்லாமல், அடிக்கடி அலசச் சொல்லுங்கள். குளிர்விப்புத் திரவம் குறைந்திருந்தால், பழைய பழக்கத்தில் பக்கத்து மெக்கானிக் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார். நம் கரையோரத்து உவர்நீர் உள்ளே போனால் குழாய்களை அரித்துவிடும், பேட்டரிக்கான உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். நிறுவனம் குறித்திருக்கும் திரவத்தை மட்டும், அவர்களுடைய சர்வீஸ் நிலையத்தில் மட்டுமே நிரப்ப வேண்டும் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.