ஊருக்கு 200 வயது: விழாக் குழுவினரின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியின் ஊர் வரலாற்றைப் பல வருடங்களாகத் தேடிப் படித்துச் சேர்த்து வருகிறேன். இருநூறாம் ஆண்டு விழா எடுக்க நினைக்கும் மலையூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: ஊர் எந்த வருடம் தொடங்கியது என்று குழுவுக்குள்ளேயே சண்டை, சார். எதை எடுத்துக்கொள்வது?

சண்டை வரத்தான் செய்யும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திம்பட்டிக்கு வந்தார். அவருடைய உதவியாளர்கள் இருவர் 1818-லேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊட்டியில் அவர் கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822. ஊட்டி நகராட்சி ஆனது 1866. ஒரே மலைக்கு நான்கு கணக்கு! அரசு 2022-ல் 'ஊட்டி 200' என்று கொண்டாடியது கல் பங்களாவை வைத்துத்தான். சென்னைக்கும் இதே கதைதான். 1639-ல் நிலம் கிடைத்தது ஜூலையிலா ஆகஸ்டிலா என்று இன்னும் பேசுகிறார்கள். ஆனாலும் ஆகஸ்ட் 22 சென்னை தினமாக நிலைத்துவிட்டது. நீங்களும் ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள். இது எதன் இருநூறாம் ஆண்டு என்பதை மட்டும் அழைப்பிதழில் மறக்காமல் எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே ஓய்ந்துவிடும்.

ஒரு படுகர் ஆசிரியை: எங்கள் ஹட்டி, அதாவது படுகர் ஊர், அதற்கும் முன்பே இருந்தது அண்ணா. வெள்ளைக்காரர் வந்ததையா நாங்கள் கொண்டாட வேண்டும்?

இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்காத எந்த விழாவும் பொய்யாகத்தான் முடியும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாரும் சல்லிவனுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். ஊட்டி எழுந்த நிலத்தில் தோடர் மந்துகள், அதாவது அவர்களுடைய குடியிருப்புகள், இருந்தன. சல்லிவனே தோடர்களுக்கு நில உரிமை உண்டு என்று வாதாடியவர். சென்னை கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. கண்காட்சியின் முதல் பலகையில் இந்தக் கதை இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், முதல் கூட்டத்திலேயே இந்த மக்களைக் குழுவில் உட்கார வைப்பது. விழாவுக்கு முந்தைய வாரம் கூப்பிட்டு 'மேடையில் பத்து நிமிடம் ஆடுங்கள்' என்று சொல்வதைப் போல மரியாதைக் குறைவு வேறில்லை. எந்தப் பாட்டு பொது மேடைக்கு வரலாம், எது சடங்குக்கு மட்டும் உரியது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதிலாகத் தோடர் பெண்களிடமே நேராக வாங்கிய பூவேலைச் சால்வையைப் போர்த்துங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணித் தைப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒரு சால்வை முடியவே நாள் பிடிக்கும். ஆர்டரைச் சில மாதங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

குன்னூர் வாசகர்: வசூலை யார் பெயரில் வைப்பது? எம்.பி. நிதியில் கேட்கலாமா?

தனி ஆள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் சங்கமாகப் பதியலாம். அதன் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது. எம்.பி. தொகுதி நிதி நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்கானது. பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் அதில் வழியில்லை. நூலகக் கட்டடம் கேளுங்கள்.

இன்னொருவர்: தபால்தலை வெளியிட வைக்க முடியுமா?

முயற்சி செய்யலாம், ஆனால் டெல்லி வரை போக வேண்டிய நீண்ட வேலை. சிறப்பு அஞ்சல் உறை எளிது. தபால் துறையின் மாநில அலுவலகமான தபால் வட்டத்துக்கு நேரத்தோடு எழுதுங்கள்.

ஊட்டி வியாபாரி: மே மாதம் வைத்தால் கூட்டம் தானாக வருமே?

வரும், ஆனால் ஊர்க்காரர் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார். மலர்க் கண்காட்சியும் கோடை விடுமுறையும் சேர்ந்து சாலை ஏற்கெனவே திணறுகிறது. வண்டிகளுக்கு 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்ததே அதனால்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும், அக்டோபர், நவம்பரிலும் மழை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. என்னைக் கேட்டால் பிப்ரவரி. வெயிலும் இருக்கும், சாலையும் காலியாக இருக்கும். நிகழ்ச்சியைப் பகலில் வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை.

கல்லூரி மாணவி: பழைய படங்களை எப்படிச் சேகரிப்பது?

விழாவில் மிஞ்சப்போவது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படத்தைக் கடன் வாங்காதீர்கள். ஸ்கேனரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போங்கள். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பாட்டி படத்தைப் பார்த்துப் பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளையும் மலை ரயில் ஊழியர் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். பங்களாக்காரர் படங்கள் புத்தகங்களில் நிறைய உண்டு, இவர்களுடையது இல்லை.

எழுத்து ஆவணங்களுக்கு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போங்கள். அதற்கு முன் கிரிக் எழுதிய 1880 மாவட்டக் கையேட்டையும், பிரான்சிஸின் 1908 கெஜட்டியரையும் (மாவட்ட விவர நூல்) படித்துவிடுங்கள். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

ஊட்டி வாசகர்: 'ஊட்டி 200' முடிந்துவிட்டதே. இனி என்ன?

2029 இருக்கிறது. செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டது 1829-ல். அதன் மரத்தூண்களும் உத்தரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை. சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அந்த வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். திருச்சபையாரிடம் பேசி, கல்லறை எழுத்துகளை இப்போதே படம் எடுத்து, படித்துத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கம்பித் தூரிகையோ ஆசிடோ மட்டும் கல்லில் படவே கூடாது.