கில்பர்ட் எங்கே சறுக்கினார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நிலவியலாளர் ஜி.கே. கில்பர்ட்டை முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அரிசோனா விண்கல் குழியை 1891-இல் நேரில் ஆராய்ந்துவிட்டு, அது விண்கல் விழுந்து உண்டானதல்ல என்று சொன்னவரும் அவர்தானே? சுற்றிலும் இரும்பு விண்கற்கள் கிடந்தும் எப்படித் தவறவிட்டார்?

– நிலவியல் மாணவி, சேலம்

அன்புள்ள மாணவிக்கு,

அவர் பார்க்கத் தவறவில்லை. அளந்து பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்.

கல் உள்ளே புதைந்திருந்தால், விளிம்பில் குவிந்த பாறையையெல்லாம் திரும்பக் கொட்டினாலும் குழி கொள்ளாமல் மிஞ்ச வேண்டும். கல் அடைத்துக்கொண்ட இடத்தின் அளவுக்கு. அத்தனை இரும்பு காந்த ஊசியையும் இழுத்தாக வேண்டும். கணக்கிட்டால் குழி, விளிம்பு இரண்டுமே சுமார் 8.2 கோடி கன கெஜம். ஊசி எங்கும் விலகவில்லை. பக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோ எரிமலை வட்டாரம் இருக்கிறது. ஆகவே நீராவி வெடிப்பு என்றார்.

கல் முழுசாக உள்ளே இருக்கும் என்ற அனுமானத்தில்தான் கோளாறு. இன்றைய மதிப்பீட்டில் அதன் குறுக்களவு சுமார் 50 மீட்டர். உருண்டையாகக் கொண்டால் ஏறத்தாழ 65,000 கன மீட்டர். குழியோ, அந்த 8.2 கோடி கன கெஜத்தை மாற்றினால், 6 கோடி கன மீட்டருக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் அந்த நில அளவையில் பிடிபட வழியே இல்லை. நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியதால் இரும்பில் பெரும்பகுதி உருகி, ஆவியாகிச் சிதறிவிட்டது. ஊசியை இழுக்க அங்கே என்ன மிச்சம்?

விடை விளிம்பின் அடுக்குகளில் இருந்தது. அந்தச் சமவெளியில் மேலே மோயன்கோப்பி என்ற சிவந்த பாறை அடுக்கு, அதன் கீழே கைபாப் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே வெளுத்த கோகோனினோ மணற்கல். விளிம்பில் வீசப்பட்டுக் கிடக்கும் பாறையில் இந்த வரிசை தலைகீழ்: கோகோனினோ உச்சியில், மோயன்கோப்பி அடியில். நெவாடா அணுகுண்டுச் சோதனைக் குழியிலும் இதே மடிப்பைக் கண்டு ஒப்பிட்டவர் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர். 1960-இல் அவரும் எட்வர்ட் சாவோவும் அந்த மணற்கல்லில் கோசைட்டைக் கண்டறிந்தார்கள்; அது மிகுந்த அழுத்தத்தில் குவார்ட்ஸ் எடுக்கும் வடிவம். குவார்ட்ஸ் அப்படி மாற 20,000 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். எந்த நீராவி வெடிப்பும் அதைத் தராது.

இத்தனைக்கும், நிலவின் குழிகள் மோதலால் வந்தவை என்று 1890-களிலேயே வாதிட்டவர் கில்பர்ட். அரிசோனாக் கணக்கையும் 1896-இல் ஒளிவுமறைவின்றி அச்சிட்டார். அதனால்தான் எந்தப் படியில் சறுக்கினார் என்று இன்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. என் மதிப்பில் அது சாதாரணக் காரியமல்ல.

அவரைப் படிக்க யூட்டாவின் ஹென்றி மலைகள் பற்றிய 1877 அறிக்கையில் தொடங்குங்கள். வெளியே வழியாத பாறைக்குழம்பு அடுக்குகளுக்கு இடையில் புகுந்து மேலடுக்கை வளைத்துத் தூக்கும் விதத்தை, குறுக்குவெட்டுப் படங்களோடு அதில் விளக்கியிருக்கிறார்.