பழைய கேம்பர்வேன் பாத்ரூம் வேலை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் இருக்கறது இங்கிலாந்துல. என்கிட்ட வர்றதெல்லாம் 90-கள்லயும் 2000-ஐ ஒட்டியும் வந்த வண்டிங்க, ஃபியட் டுகாட்டோ, ஃபோர்டு டிரான்சிட் வேன் மேல குட்டி வீடு மாதிரி கட்டினது. பாத்ரூம் பத்தி மட்டும் கேளுங்க. எஞ்சினுக்கு மெக்கானிக் இருக்காரு. கேஸ் லைன்ல கை வைக்கணும்னா கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்ல (கேஸ் வேலைக்கு அனுமதி உள்ளவங்க பட்டியல்) இருக்கறவங்கள கூப்பிடுங்க, அத நான் தொடமாட்டேன்.

லீட்ஸ்காரன்: அக்கா, 1998 டுகாட்டோ. ஷவர் ட்ரேல தண்ணி போற ஓட்டைய சுத்தி விரிசல். மேல சிலிக்கான் அடிச்சா போதுமா?

போதாது. அந்த ட்ரே மெல்லிசான ஏபிஎஸ் பிளாஸ்டிக், அடியில பாதி இடம் வெத்தா இருக்கும். ஆள் ஏறி நிக்கறப்பல்லாம் வளையும், வளைஞ்சு வளைஞ்சு எங்க பலம் கம்மியோ அங்க கீறல் விடும், அது பெரும்பாலும் ஓட்டைய சுத்தித்தான். நீங்க மேல எதை அடிச்சாலும் வளையறது நிக்கப்போறதில்ல, ரெண்டு மாசத்துல சிலிக்கான் ஓரம் உரிஞ்சு தண்ணி மறுபடி கீழ இறங்கும், இந்த தடவை உங்க கண்ணுக்குத் தெரியாம இறங்கும்.

ட்ரேய கழட்டுங்க. சுத்தி இருக்கற பீடிங், ட்ரெய்ன் நட்டு, சில வண்டில டாய்லெட் பெஞ்சும் வெளிய வரணும். கழட்டினதும் கீழ இருக்கற பிளைவுட்ட ஸ்க்ரூட்ரைவர் முனையால குத்திப் பாருங்க. டக்குனு சத்தம் வந்தா பொழைச்சீங்க, சத்தமே இல்லாம உள்ள இறங்கினா அழுகிருக்கு, வெட்டி எடுத்துட்டு புதுசு போடணும். நல்லா காய விடுங்க, வாரக்கணக்கா ஆனாலும் சரி.

ட்ரேக்கு: விரிசலோட ரெண்டு நுனியிலயும் 3 மி.மீ ஓட்டை போடுங்க, அதுக்கு மேல ஓடாது. கவுத்துப்போட்டு அடிப்பக்கமா உப்புத்தாள் தேய்ச்சு ஏபிஎஸ் துண்டு ஒண்ண ஏபிஎஸ் சிமெண்ட் வச்சு ஒட்டுங்க. சாதா பாலியெஸ்டர் ஃபைபர்கிளாஸ் ரெசின் ஏபிஎஸ்ல சரியா பிடிக்காது, அடைமாதிரி கழண்டு வரும். அப்புறம்தான் முக்கியமான வேலை, அடியில முட்டுக் கொடுக்கறது. பிளைவுட் பட்டை, இல்ல ஃபோம். ஃபோம் அடிச்சா ட்ரே மேல வெயிட் வைங்க, இல்லன்னா அது உப்பி ட்ரேயவே தூக்கிடும்.

கோவைப்பொண்ணு (ரெடிங்): சுவரு அமுக்கினா உள்ள போகுது. மேலயே பிவிசி பேனல் ஒட்டிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

ஒட்டாதீங்கன்னு சொல்லுங்க. டேம்ப் மீட்டர் (சுவரோட ஈரத்த அளக்கற கருவி) வாங்கி வச்சுப் பாருங்க. 15 சதவீதத்துக்குள்ளன்னா பிரச்சனையில்ல, 20 தாண்டினா தேடணும், 30-க்கு மேலன்னா உள்ள மரச்சட்டம் போயிருக்குன்னு வச்சுக்கலாம். வெளிய அலுமினியம், நடுவுல மரச்சட்டமும் தெர்மாகோலும், உள்ள 3 மி.மீ பிளை, அவ்வளவுதான் அந்த சுவரு. மேல பேனல் ஒட்டினா ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே வேகும். முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. பாதி நேரம் அது ஷவர் தண்ணியே கிடையாது, மேல ஸ்கைலைட் (கூரை ஜன்னல்) ஓரத்துலயோ வெளிய மூலை பட்டைலயோ இறங்கற மழைத்தண்ணி.

டைல்ஸ் ராஜா: சின்ன மொசைக் டைல் ஒட்டினா அழகா இருக்குமே?

இருக்கும். 8 மி.மீ செராமிக் சதுர மீட்டருக்கு 16, 17 கிலோ, ஒட்டற பசை தனி. 3 மி.மீ ஃபோம் பிவிசி ரெண்டு கிலோவே வராது. உங்க வண்டி லிமிட் 3500 கிலோன்னா (1997-ல இருந்து வெறும் கார் லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு அதுக்கு மேல ஓட்டவும் முடியாது) அந்த வெயிட்டுல நாலு பேரும் அரிசி மூட்டையும் வரணும்ல. அதோட வண்டி முறுக்கிக்கிட்டே ஓடற சாதனம், சந்து சந்தா விரிசல் விடும்.

பர்மிங்ஹாம் பாலு: ட்ரே ஓரத்துக்கு எந்த சிலிக்கான் நல்லது?

சிலிக்கானே வேணாம். பழைய சிலிக்கான் பிசிறு இருந்தா அது மேல எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான் கூட. மொத்தமா சுரண்டி எடுத்துட்டு சிக்காஃப்ளெக்ஸ் 512 கேரவன் மாதிரி ஹைப்ரிட் சீலண்ட் போடுங்க. சிக்காஃப்ளெக்ஸ் 221 வீட்ல கிடக்குன்னு அத எடுத்து அடிக்காதீங்க, சில பிளாஸ்டிக்ல அது விரிசல் விட வைக்கும்.

மூக்கைப்பிடி: தெட்ஃபோர்ட் சி200 டாய்லெட், எவ்வளவு கெமிக்கல் ஊத்தினாலும் நாத்தம். மொத்தமா மாத்தணுமா?

டாய்லெட்ட மாத்தாதீங்க, கேசட்ட (கழிவு சேர்ற, இழுத்து வெளிய எடுக்கற பெட்டி) மாத்துங்க. 20 வருஷ பிளாஸ்டிக்ல வாடை ஊறிப்போயிருக்கும். ஃப்ரெஷ் அப் செட்னு அவங்களே விக்கறாங்க, புது கேசட்டு, சீட்டு, மூடி சேர்ந்து வரும். லிப் சீலுக்கு (கேசட் வாய அடைக்கற ரப்பர்) வேசலின் தடவாதீங்க, ரப்பர் கெட்டுடும். அவங்க ஸ்ப்ரே, இல்ல ஆலிவ் ஆயில். பிளீச் ஊத்தறவங்கள பத்தி நான் பேச விரும்பல.

சொம்புச்சாமி: வெக்கத்த விட்டு கேக்கறேன். அம்மா அப்பா ஊர்ல இருந்து வர்றாங்க. ஹெல்த் ஃபாசெட் வைக்க முடியுமா?

இதுக்கு எதுக்கு வெக்கம், இங்க பாதிப்பேர் மனசுல இருக்கற கேள்வி இதுதான். ரெண்டு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, பம்ப். பழைய வண்டில நிறைய, டேங்குக்குள்ள முங்கிக் கிடக்கற சின்ன பம்ப்பு, குழாய திறந்தா அதுக்குள்ள இருக்கற மைக்ரோசுவிட்ச்தான் பம்ப்ப ஓட்டும். நீங்க சும்மா குழாய்ல டி ஜாயிண்ட் போட்டு ஃபாசெட் மாட்டினா அழுத்துவீங்க, அழுத்துவீங்க, தண்ணி வராது, ஏன்னா பம்ப்புக்கு யாரும் சொல்லல. தனி சுவிட்ச் வைக்கணும். பிரஷர் சுவிட்ச் பம்ப்பா இருந்தா தானா வரும், ஆனா அந்த ஹோஸ் எந்நேரமும் பிரஷர்ல நிக்கும், வெடிச்சா டேங்க் முழுக்க உங்க தரையில. ஃபாசெட்டுக்கு முன்னாடி ஒரு வால்வு போட்டு ஒவ்வொரு தடவையும் மூடுங்க.

ரெண்டு, கேசட்டுல பிடிக்கறதே 18 லிட்டர் வாக்குல. ரெண்டு பேரோட மூத்திரம் நாளைக்கு 3 லிட்டர், ஃப்ளஷ்ஷு நாலஞ்சு லிட்டர், அது மேல கழுவற தண்ணி ஆளுக்கு ஒரு மக்கு. ரெண்டாவது நாள் கேசட்ட இழுத்துக்கிட்டு கேம்ப் சைட்டுல கொட்டற இடத்துக்கு போகணும், நாலு பேருன்னா அன்னிக்கே. அதனால வளைஞ்ச மூக்கு வச்ச டிராவல் பாட்டில் குடுங்க, கால் லிட்டர்ல வேலை முடிஞ்சிடும். அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

டார்ட்மண்ட் தம்பி: இதுக்குத்தான் செப்பரேஷன் டாய்லெட்! நாங்க போட்டுட்டோம், கெமிக்கலே வேணாம், ஜெர்மனில எல்லாரும் மாறிட்டாங்க.

எல்லாரும் மாறல தம்பி. அந்த டாய்லெட் நாறாததுக்கு காரணம் மூத்திரம் முன்னாடி கேனுக்கும் மத்தது பின்னாடி வாளிக்கும் தனித்தனியா போறது. கழுவற தண்ணி எங்க போகும்? நேரா பின்னாடி வாளிக்கு. அது ஈரமானா கதை முடிஞ்சது. பேப்பர் ஆளுங்களுக்கு அருமையான சாதனம், நம்மாளுங்களுக்கு இல்ல.

டார்ட்மண்ட் தம்பி: கொஞ்சம் முன்னாடி சாஞ்சு கழுவினா முன்பக்க கேனுக்கே போயிடும் அக்கா. தென்னை நார்த்தூள் கூடுதலா போட்டா மிச்ச ஈரத்த அது குடிச்சுக்கும்.

சொம்புச்சாமி: எங்கப்பாவுக்கு முட்டி வலி, அவர சாயச் சொல்றீங்களா?

கோவைப்பொண்ணு: பொள்ளாச்சில இருந்து கப்பல்ல வர்ற நார்த்தூள நாம வேன்ல வச்சு… வேணாம், சொல்லல 😂

மூக்கைப்பிடி: பேப்பர்ல துடைச்சுட்டு அப்புறம் ஷவர்ல நின்னு கழுவிக்கலாமே?

அத செய்யாதீங்க. ஷவர் தண்ணி போறது கிரே டேங்குக்கு (குளிச்ச, கழுவின தண்ணி சேர்ற டேங்க்), அத சைட்டுல கழிவுநீர் கொட்டற இடத்துல கொட்டுவீங்க, டாய்லெட் கொட்டற இடம் வேற. சாயறது, முட்டி வலி, நார்த்தூள் எல்லாம் பேசி முடிச்சாச்சா? தம்பி, உங்க வீட்ல நாலு பேரும் சாய பழகிட்டாங்கன்னா சந்தோஷம். விருந்தாளி வர்ற வண்டிக்கு நான் கேசட்டும் பாட்டிலும்தான் சொல்வேன்.

புதுசு: அக்கா, ட்ரே விரிசலுக்கு என்ன சிலிக்கான்?

மேல முதல் பதில்.

டொராண்டோ சிவா: அக்கா, குளிருக்கு வண்டிய நிப்பாட்டேக்க பாத்ரூமில என்ன செய்யவேணும்?

டேங்க், பாய்லர், குழாய் எல்லாத்தையும் காலி பண்ணுங்க, குழாய திறந்தே விடுங்க, ஷவர் தலைய கீழ போட்டு வைங்க. ட்ரூமா கம்பெனி பாய்லர்ல இருக்கற ஃப்ராஸ்ட் கண்ட்ரோல் வால்வு 3 டிகிரி வாக்குல தானா திறந்து பாய்லர் தண்ணிய விட்டுடும். ஆனா அது பாய்லருக்கு மட்டும், குழாய் வளைவுல நிக்கற தண்ணி உங்க பொறுப்பு. உங்க ஊர் குளிருக்கு ஆர்வி ஆன்டிஃப்ரீஸும் (வண்டியோட தண்ணிக் குழாய்க்குன்னே விக்கற, உறையாத திரவம்) ஓடவிடணும், கார்ல ஊத்தறது கிடையாது.

வேலூர் வேன்: சுவர்ல லேசா ஈரம், பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடுமா?

மறையும். அதான் பிரச்சனை. தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, எத்தனை தடவை சொல்றது.

பாலு மறுபடி: ஸ்கைலைட் மாத்தலாம்னு இருக்கேன், சைஸ் எப்படி பாக்கறது?

கூரையில வெட்டின ஓட்டைய அளங்க, மூடிய அளக்காதீங்க. 28-க்கு 28 செ.மீ இல்லன்னா 40-க்கு 40 இருக்கும், பாத்ரூம்ல பெரும்பாலும் சின்னது. கழட்டினதும் வெட்டின ஓரத்து மரத்த குத்திப் பாருங்க. சீல் பண்ண பியூட்டைல் பட்டி, சிலிக்கான் இல்ல. கொசுவலை வச்ச மாடலா வாங்குங்க, ஸ்காட்லாந்து பக்கம் போனா மிட்ஜ் பூச்சி உங்கள குளிக்க விடாது.