புரண்டு சுழலும் இறப்பர் மீன்: கடைக்கு ஓடும் முன் கேத்தலை அடுப்பில் வையுங்கள்

கேள்வி: ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிப்பதற்காகப் பெரிய புல் டோக் இறப்பர் மீன் (மீன் வடிவத் தூண்டில் இரை) ஒன்று வாங்கினேன். முதல் நாள் நேராக நீந்தியது. இரண்டு வாரம் கழித்துப் பிஜன் ஏரியில் வீசியபோது வலப்பக்கம் சரிந்து ஓடியது. வேகமாக இழுத்தால் புரண்டு சுழல்கிறது. கடையில் "பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். இன்னொருவர் 25 டொலர் கொடுத்தால் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். எது நல்லது? (ஸ்காபரோ வாசகர்)

இரண்டும் வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. முதல் நாள் நேராக நீந்தியது என்கிறீர்கள். அப்படியானால் வார்ப்பில் குறையில்லை. அடுத்த இரண்டு வாரமும் அது எங்கே கிடந்தது? அநேகமாகப் பெட்டியின் மூலையில், வால் மடிந்து, மேலே வேறு இரைகளின் பாரத்தோடு, வெயிலில் நின்ற காருக்குள்.

நாம் இறப்பர் என்று சொன்னாலும் அது இறப்பர் அல்ல. பி.வி.சி.யை எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியில் குழைத்து, சூடாக்கி அச்சில் வார்த்த பொருள். எப்படிக் கிடத்துகிறோமோ அப்படியே படிந்துவிடும். உடல் சற்றே வளைந்திருந்தாலும் தண்ணீரில் அந்த வளைவு சுக்கானாக வேலை செய்து மீனை ஒரு பக்கம் திருப்பும். மெதுவாக இழுக்கும்போது வயிற்றுப்பக்கப் பாரம் அதை நிமிர்த்திப் பிடிக்கும். வேகம் கூடினால் சுக்கான் வென்றுவிடும், மீன் புரளும்.

ஆகவே வெந்நீர். கொதித்து இறக்கிய தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, தூண்டில் முட்களைக் கழற்றிவிட்டு, மீனை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்கி வையுங்கள். குறட்டால் எடுத்து, கயிறு கட்டும் மூக்கு வளையத்தில் பிடித்துத் தொங்கவிடுங்கள். உடல் தன் பாரத்திலேயே நேராகும், வாலின் சுருள் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்படியே குளிர்ந்த நீரில் இறக்குங்கள். முதல் முறை போதாவிட்டால் மறுமுறை செய்யுங்கள். என்னிடம் "பழுது" என்று கொண்டுவரப்படும் மீன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பாத்திரத் தண்ணீரோடு திரும்பிப் போகின்றன.

பிறகு முட்களைப் பாருங்கள். வயிற்றில் தொங்கும் மும்முட்கள் மீனைக் கொளுவ மட்டும் இல்லை. கப்பலின் அடிப்பாரம்போல இரையை நிமிர்த்தி வைப்பவையும் அவைதான். மலிவு என்று சிறிய முட்களை மாற்றிப் போட்டிருந்தால் அந்தப் பாரம் போய்விட்டது. பழைய அளவையே திரும்பப் போடுங்கள். முள் ஒன்று உடலில் ஒரு பக்கமாகக் குத்தி நின்றாலும் இதே சரிவு வரும்.

இவை இரண்டும் சரியாக இருந்து இன்னமும் சரிந்தால் மட்டும் மூக்கு வளையத்தின் கம்பிக்கு வாருங்கள். மூக்கு உங்கள் பக்கம், வால் அப்பால் இருக்கும்படி பிடியுங்கள். வலப்பக்கம் ஓடினால் வளையத்தை இடப்பக்கம் வளைக்க வேண்டும். எவ்வளவு? கம்பியின் தடிப்பில் பாதி. கண்ணுக்குத் தெரியும்படி வளைத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் படகின் ஓரமாக இரண்டு மீற்றர் கயிறு விட்டு, மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். அந்த 25 டொலர்க்காரர் செய்யப்போகும் வேலை இவ்வளவுதான்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த வியாபாரம் இப்போது பெருகிவிட்டது. வசந்த காலத்தில் கடைக்கு வரும் நல்ல நிற இரைகளை அள்ளிக்கொண்டு போவார்கள். ஜூனில் அதையே "கையால் சரிசெய்தது" என்று இரட்டை விலைக்கு விற்பார்கள். எனக்கும் ஒருவர் விற்றார். வெட்டிப் பார்த்தேன்: வயிற்றில் ஈயக் குச்சி ஒன்றைச் செருகி, மேலே பசை பூசியிருந்தார். ஈயம் போட்டால் எந்த மீனும் நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் வாலின் ஆட்டம் மந்தமாகிவிடும். ஆழம் குறைந்த, பாசி மண்டிய பிஜன் போன்ற ஏரியில் நேரே அடியில் போய்ப் பாசியை அள்ளிக்கொண்டு வரும்.

மஸ்கி கடித்துக் கிழித்தால் அந்த ஈயம் ஏரியில் விழும். லூன் என்ற நீர்ப்பறவை, இரையை அரைக்க விழுங்கும் கல்லென்று எண்ணி அதை விழுங்கிச் சாகும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் பாரங்களுக்குத் தடை உண்டு. பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள பெரும்பாலான ஏரிகளில் அந்தத் தடை இல்லை. பறவைக்கு எல்லைக் கோடு தெரியுமா? இத்தனை ஆண்டுகளாக இதை ஒரே விதியாக்க ஏன் முடியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பாரம் சேர்த்தே ஆக வேண்டுமானால் ஈயத்துக்குப் பதிலாக ரங்ஸ்ரன் உலோகப் பாரம் வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். ஓகஸ்ட் மாதம் அழகாக நீந்திய இரை நவம்பரில் சரிந்தால் அதன் கம்பியைத் தொடாதீர்கள். குளிர்ந்த நீரில் இந்தப் பிளாஸ்ரிக் விறைத்துவிடும். வால் வளைந்து ஆடாமல் பலகைபோல நின்று உடலைத் தள்ளும். வளைவும் இல்லை, பழுதும் இல்லை, தண்ணீரின் குளிர் மட்டுமே. அப்போது கம்பியை வளைத்தால் அந்த நாளுக்குச் சரியாகும். அடுத்த கோடையில் அதே இரை மறுபக்கம் சரியும், நீங்கள் மறுபடி வளைப்பீர்கள், இரண்டு வருடத்தில் கம்பி முறியும். வெந்நீரில் ஊறவைத்து வீசுவோரும் உண்டு. சூடு சில வீச்சுகளுக்கு மேல் தாங்காது. நான் செய்வது இது: பழைய மீன் ஒன்றைக் குளிர்காலத்துக்கென்றே ஒதுக்கி, வால் தொடங்கும் தடித்த இடத்தில் கூரான கத்தியால் இரு பக்கமும் சமமாக மெல்லிய சீவல் எடுத்துவிடுவேன். வால் இளகும். அந்த மீனைக் கோடையில் வீசுவதில்லை. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்டாது. ஆகவே புதியதில் முயல வேண்டாம்.

கிழிசல் இருந்தால் கத்தி நுனியைச் சூடாக்கி இரு விளிம்புகளையும் உருக்கி ஒட்டலாம். வெளியே, காற்றோட்டத்தில் செய்யுங்கள். லைற்றர் நெருப்பை நேரே காட்டாதீர்கள், கருகும் பி.வி.சி.யின் புகை நெஞ்சை எரிக்கும், உருகியது தோலில் ஒட்டினால் கொப்புளம்தான். கிழிந்த துண்டுகளை ஏரியில் எறிய வேண்டாம்.

இனி அதைப் பெட்டியில் போடாமல் தொங்கவிட்டு வையுங்கள். சாயம் பூசிய கட்டை இரைகளோடு சேர்த்து வைத்தால் மென்மையாக்கி கசிந்து அவற்றின் சாயத்தையும் கரைத்துவிடும்.

கேட்காத ஒன்று, ஆனால் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். உங்களிடம் இருப்பது விலை குறைந்த கொன்சர்வேஷன் மீன்பிடி உரிமம் என்றால் அதில் மஸ்கிக்கான எண்ணிக்கை பூச்சியம். பிடித்ததை உடனே விட வேண்டும். பிஜன் ஏரி இருக்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் மஸ்கிப் பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15 வரை. இதைக் கண்டுபிடிக்க வலயப் பட்டியலையும், ஏரிவாரியான விதிவிலக்குப் பட்டியலையும் மாறி மாறிப் புரட்ட வேண்டியிருக்கிறது. இரை விற்கும்போது ஒரு வரியில் சொல்லிவிடக் கூடிய விஷயம்.

வெந்நீர், முள், கம்பி மூன்றுக்குப் பிறகும் உங்கள் மீன் புரண்டால் உள்ளே இருக்கும் கம்பிக்கூடு இடம் மாறியிருக்கிறது. ஒரு பெரிய மீன் கடித்து இழுத்தால் அப்படி ஆகும். அதற்கு வெளியிலிருந்து வைத்தியம் இல்லை. உடலை அறுத்து முட்களையும் வளையங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மீனுக்கு உதவும். கடிபடவே இல்லை, பற்றுச்சீட்டும் கையில் இருக்கிறது என்றால், தயாரித்தவருக்கே நேரடியாக எழுதி மாற்றிக் கேளுங்கள்.