பேரனின் கண்புரைக்குக் கிரகணம் காரணமா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பிறவியிலேயே இரண்டு கண்களிலும் புரை இருந்தது. இரண்டாம் மாதத்தில் மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டோம். எங்கள் இரு குடும்பங்களிலும் இளவயதில் எவருக்கும் கண்புரை வந்ததில்லை. கிரகணத்தன்று என் மகள் வளவில் வந்து நின்றதுதான் காரணம் என்று சம்பந்தபுரத்தில் பேசுகிறார்கள். அவளும் அதையே நம்பி அழுகிறாள். அவள் மூன்றாம் மாதம் முழுகாமல் இருந்தபோது, முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்காகக் காரைக்குடிக்கு வந்திருந்தாள். அப்போது இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பில் லேசான சிவப்புத் தடிப்பும் கண்டு, தாமாகவே தணிந்தன. அதுதான் காரணமோ? அடுத்த பிள்ளைக்கும் வருமா?
– ஓர் ஆயா, தேவகோட்டை

பதில்: கிரகணத்துக்கும் கருவிலிருக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அம்மா. இதைத் தங்கள் மகளிடம் இன்றே சொல்லுங்கள்.

தாங்கள் போகிற போக்கில் எழுதியுள்ள அந்த இரண்டு நாள் காய்ச்சலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையாக இருந்திருக்கக்கூடும். தாய்க்கு மிக லேசாக வந்து போகும் இந்நோய், கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் தொற்றினால், நச்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, உருவாகிக்கொண்டிருக்கும் விழிவில்லையைக் கெடுத்துவிடுகிறது. சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல், தாமும் சக மருத்துவர்களும் கண்ட 78 குழந்தைகளின் பிறவிப் புரையை ஆராய்ந்து, அவர்களுடைய தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த அம்மை கண்டிருந்ததை எடுத்துக்காட்டினார். அதே கிருமி இதயத்தையும் செவியையும் தாக்கும் என்பதால், பேரனுக்கு இதய எக்கோ பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் செய்துவிட்டீர்களா என்பதே தங்களிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி. செவிக்குறை பிறகும் தோன்றலாம். ஆகவே ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள்.

பரம்பரை சாராத காரணங்கள் வேறும் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா, சைட்டோமெகலோ, சின்னம்மை போன்ற தொற்றுகள், குறைமாதப் பிறப்பு, பிறந்தபின் நெடுநாள் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள், கண்ணில் படும் அடி ஆகியவை அவற்றுள் சில. ஆயினும் பல குழந்தைகளுக்கு, சிறப்பாக ஒரு கண்ணில் மட்டும் புரை இருப்பவர்களுக்கு, காரணம் புலப்படுவதே இல்லை.

தங்கள் மகளுக்கு வந்தது ருபெல்லாதான் என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியானால், அவள் உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கும். அடுத்த பிள்ளைக்கு அதனால் புரை வரும் என்று அஞ்சவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2017-இல் நடந்த தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அப்போதே அவ்வயதைக் கடந்திருந்த பெண்கள் பலர் இன்றும் தடுப்பூசி போடாதவர்களாக இருக்கலாம். வீட்டில் மணமாகப்போகும் பெண்கள் இருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளட்டும். ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி போடவும் கூடாது.

ருபெல்லாவுடன் பிறந்த குழந்தையின் உடலிலிருந்து ஓராண்டு வரை கிருமி வெளிப்படக்கூடும். ஆகவே பிள்ளையைப் பார்க்க வரும் பங்காளி வீட்டுப் பெண்களில் முழுகாமல் இருப்பவர்கள், தங்களுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பது தெரியாதவரை, அவனைத் தூக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.