கணக்கில் ஈர்ப்பு, சோதனையில் விலக்கு: கேயான் எங்கே குழப்புகிறது?

கேயான் என்பது புரோட்டானின் ஏறத்தாழ பாதி நிறை கொண்ட, சீக்கிரம் சிதைந்துவிடும் ஒரு துகள். அதைப் பற்றி முதுநிலை இயற்பியல் ப்ராஜெக்ட் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எதிர்மின் கேயான் புரோட்டானோடு மோதுவதைக் கைரல் கோட்பாட்டின் முதல் உறுப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டேன். ஈர்ப்பு வருகிறது. கேயானிக் ஹைட்ரஜன் அளவீடோ விலக்கு என்கிறது. குறி தவறிவிட்டதா? இதையே அடர்த்தியால் பெருக்கி அணுக்கருவுக்குப் பயன்படுத்தலாமா?"

கைரல் கோட்பாடு என்பது குறைந்த ஆற்றலில் வலுவிசையைக் கணக்கிடும் வழி; கேயானிக் ஹைட்ரஜன் என்பது எலக்ட்ரானுக்குப் பதில் எதிர்மின் கேயான் புரோட்டானைச் சுற்றும் அணு. உங்கள் குறி தவறவில்லை. அந்த ஈர்ப்பு நிஜம்தான், ஆனால் நீங்கள் நினைத்ததைவிட மிக வலுவானது. கேயானும் புரோட்டானும் அசையாமல் நிற்கும்போது மொத்த ஆற்றல், அதாவது வாசல் ஆற்றல், சுமார் 1432 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதற்கு 27 கீழே லாம்டா(1405) இருக்கிறது; கேயானும் புரோட்டானும் பிணைந்த நிலையாகப் பார்க்கப்படும் குறுகிய ஆயுள் துகள் அது. டாலிட்ஸும் துவானும் 1959-லேயே இதை முன்கணித்தார்கள். பிணைநிலை உண்டாகும் அளவுக்கு ஈர்ப்பு வலுத்தால், வாசலில் சிதறல் வீச்சின் (மோதல் எவ்வளவு வலுவானது, ஈர்ப்பா விலக்கா என்று சொல்லும் அளவின்) குறி புரண்டுவிடும். டியூட்ரானிலும் இதே கதைதான்: புரோட்டானும் நியூட்ரானும் பிணைகின்றன, ஆனால் அவற்றின் சிதறல் நீளத்தின் (வாசலில் உள்ள வீச்சின்) குறி விலக்கு விசைக்கு உரியதுபோல் இருக்கும்.

ஆகவே முதல் உறுப்போடு நிறுத்தக் கூடாது. அதை மீண்டும் மீண்டும் நிகழவிட்டு முழுத் தொடரையும் கூட்ட வேண்டும். பையான்–சிக்மா சேனலை, அதாவது மோதல் பையானும் சிக்மாவும் என்ற துகள்களாக மாறும் வழியை, கட்டாயம் சேருங்கள். அது வாசலுக்குச் சுமார் 100 கீழேயே திறந்துவிடுகிறது, கேயான் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். சேர்த்துப் பார்த்தால் லாம்டா(1405) ஒரே துருவம் (வீச்சில் ஒரு துகள்நிலையைக் காட்டும் புள்ளி) அல்ல, இரண்டு என்று தெரியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு அது.

விடையைச் சரிபார்க்க இத்தாலியின் ஃபிரஸ்காட்டியில் நடந்த சித்தார்த்தா சோதனையைப் பாருங்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, கேயானிக் ஹைட்ரஜனின் அடிநிலை 283 எலக்ட்ரான் வோல்ட் மேலே தள்ளப்படுகிறது, அகலம் 541. அதற்குப் பொருத்திய கைரல் கணக்கில் சிதறல் நீளத்தின் மெய்ப்பகுதி –0.65 ஃபெர்மி, கற்பனைப்பகுதி 0.81. குறி மரபு நூலுக்கு நூல் மாறும் என்பதால், ஒப்பிடுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்மின் கேயானுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாசலருகே அதிர்வு கிடையாது, மிதமான விலக்கு மட்டுமே. உங்கள் எளிய வழியே நல்ல தொடக்கம்.

சரி, அணுக்கரு? வாசல் வீச்சை அப்படியே அடர்த்தியால் பெருக்கினால் விலக்குதான் கிடைக்கும். கனமான கேயானிக் அணுக்களின் தரவோ ஈர்ப்பைக் கேட்கிறது. இங்கே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. பௌலி தடை (ஒரே நிலையில் இரண்டு ஒத்த துகள்கள் இருக்க முடியாது என்ற விதி) லாம்டா(1405)-ஐ மேலே தள்ளுகிறது. அப்புறம், கருவுக்குள் கேயானும் நியூக்ளியானும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) சந்திக்கும் ஆற்றல் வாசலுக்குக் கீழே போய்விடுகிறது, அங்கே வீச்சு ஈர்ப்பாக இருக்கிறது. அதனால் வீச்சை அடர்த்திக்கேற்ற கீழ் ஆற்றலில் எடுத்து, எடுத்த ஆற்றலும் கிடைத்த விடையும் ஒத்துப்போகும் தன்னிசைவு வரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுங்கள். அதுவும் போதாது: அணுக்கருவில் நின்றுபோகும் கேயான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட நியூக்ளியான்களால் உறிஞ்சப்படுகிறது. ஒற்றை நியூக்ளியான் கணக்கில் இது வரவே வராது, தனி உறுப்பாகச் சேர்க்க வேண்டும்.

ப்ராஜெக்டுக்கு ஐசோஸ்பின் பூஜ்யத்தில் (லாம்டா(1405) இருக்கும் குவாண்டம் எண்ணில்) கேயான்–நியூக்ளியான், பையான்–சிக்மா என்ற இரண்டு சேனல்களோடு ஆரம்பியுங்கள். முதலில் அவற்றின் இணைப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்: முதல் சேனலில் ஒரு பிணைநிலை, இரண்டாவதில் ஓர் அகன்ற அதிர்வு தெரியும். பிறகு இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டு துருவங்களும் எப்படி நகர்கின்றன என்று வரைந்து பாருங்கள்.